யாரும் செய்யாத பிரசங்கம்

ஜூன் 16, ஞாயிறு

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

நலம். நீயும் பாப்பாவும் நலமென்று நம்புகிறேன். "போன்ல பேசினா நீங்க 'ம்' மட்டும்தான் சொல்றீங்க, ஒழுங்கா எழுதுங்க" என்று சொல்லி அனுப்பினாய். எழுதுகிறேன். இது ஏழாவது கடிதம். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு எழுதியதில்லை.

மீன் குளிர்கிடங்கு வேலை பழகிவிட்டது. மூன்று கம்ப்ரசரில் நடுவில் இருப்பது மட்டும் எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கிறது. உள்ளே போனால் மூக்குக்குள் முடி விறைத்துக் குத்துகிறது. வெளியே வந்தால் கண்ணாடியில் ஆவி படிந்து ஐந்து நிமிடம் ஒன்றும் தெரிவதில்லை. அந்த ஐந்து நிமிடமும் லாரி மேடையில் யார் யாரையோ பார்த்துத் தலையாட்டுகிறேன். நேற்று ஒரு தூணுக்கு வணக்கம் சொன்னேன்.

இன்று ஆராதனையில் போதகர் நன்றாகப் பேசினார். திமிர்வாதக்காரனை நாலு பேர் படுக்கையோடு தூக்கிவந்து, கூரையைப் பிரித்துக் கர்த்தர் முன்னால் இறக்கினார்களே, அந்தப் பகுதி. "அந்த நாலு பேரை எல்லாரும் புகழுகிறோம். வீட்டுக்காரனை யாராவது நினைத்ததுண்டா?" என்று கேட்டார். கூட்டம் கலைந்த பிறகு அவன் தலைக்கு மேல் பெரிய ஓட்டை, தரையெல்லாம் மண். சுகமானவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டான். மறுநாள் காலையில் அவன் ஒரு ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தானா, அதுதான் எனக்குத் தெரியவேண்டும் என்றார். வந்திருந்தால்தான் அவனுக்கு முழுச்சுகம். நாம் ஆசீர்வாதம் வாங்குகிற அவசரத்தில் யார் வீட்டுக் கூரை ஓட்டையானது என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கச் சொன்னார்.

யோசித்துக்கொண்டே அறைக்கு வந்தேன். நீயும் யோசி.

அன்புடன்,
உன் மெக்கானிக்

---

ஜூன் 23, ஞாயிறு

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் வாசித்தேன். எப்போதும் போல "எங்க வீட்டுக்காரர் போற சபையில இந்த வாரம்" என்று ஆரம்பித்தேன். ஏணி வந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. நம் குளியலறைக் குழாய் உடைந்து கீழ்வீட்டு மேல்தளம் முழுக்க நனைந்ததும், உங்கள் தம்பி மனைவி தைத்து அடுக்கி வைத்திருந்த துணியெல்லாம் கறையானதும் நினைவுக்கு வந்தது. அன்று அவள் மாடிப்படியில் நின்று என்ன சொன்னாள் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. "மேல இருக்கிறவங்க ஜெபமெல்லாம் எங்க தலையிலதான் ஒழுகுது." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதம் அவளிடம் பேசாமல் இருந்தேன். குழாயைச் சரிசெய்தோம். அந்தக் கறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழன் எனக்கு ஓய்வு. ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கதவைத் திறந்தாள்.

"என்ன அக்கா?"

"மேல இருக்கிற கறையைப் பாக்கணும்."

"ஏழு மாசமா இல்லாத அக்கறை."

"ஏழு மாசம் முன்னாடியே வந்திருக்கணும். வரலை. தப்பு என் மேலதான், தங்கச்சி. மன்னிச்சிரு."

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். மூடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கடைசியில், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இப்பதான் தரையைத் துடைச்சேன்" என்றாள்.

இருவருமாக மேல்தளத்துக்கு வெள்ளை அடித்தோம். நான் ஸ்டூலில் ஏறினேன், அவளை ஏற விடவில்லை. ஏனென்றால் அவளுக்கு ஐந்து மாதம். ஆமாம், அப்படித்தான். ஒரே கட்டடத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. "முன்னாடி ஒண்ணு நிக்கலைல்ல, அதான் யார்கிட்டயும் வாய் திறக்கலை" என்றாள். கொழுந்தனார் லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருகிறார். அதுவரை தனியாகத்தான் இருக்கிறாள்.

இதெல்லாம் உங்கள் போதகரால் நடந்தது. அவருடைய முகவரியை அனுப்புங்கள். நான் அவருக்கு நன்றி எழுதவேண்டும். தட்டாதீர்கள்.

உங்கள்,
ஊசிக்காரி

---

ஜூன் 30, ஞாயிறு

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ரொம்ப சந்தோஷம். தம்பி மனைவியை நன்றாகப் பார்த்துக்கொள்.

போதகருக்கு எழுத வேண்டாம். அவர் கூச்ச சுபாவம். புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. நானே உன் நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

நடு கம்ப்ரசரில் எண்ணெய் கசிகிறது. அதனால் வேலை அதிகம். இந்த வாரம் பிரசங்கம் பற்றி எழுத நேரமில்லை.

மெக்கானிக்

---

ஜூலை 9, செவ்வாய்

பாப்பா அப்பாவுக்கு,

நேற்று எங்கள் கிளினிக்கில் ரத்தம் எடுக்க ஒரு அம்மா வந்தார். ஊசி குத்தும்போது பேச்சுக் கொடுப்பது என் வழக்கம், நரம்பு பயந்து ஒளியாமல் இருப்பதற்காக. எந்த ஊர் என்று கேட்டேன். நீங்கள் இருக்கும் ஊர். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். எந்தச் சபை என்று கேட்டேன். அங்கே இருப்பதே ஒன்றுதானாம்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "எங்க வீட்டுக்காரர் அங்கதான் வர்றார், உயரமா, கண்ணாடி போட்டிருப்பார், குளிர்கிடங்குல வேலை" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அங்க நாங்க எட்டே பேர்தானேம்மா. புதுசா யாரும் வரலையே" என்றார்.

ஆலயத்துக்குப் பிப்ரவரியிலிருந்தே கூரை வேலை நடக்கிறதாம். ஒரு தச்சுப்பட்டறையில்தான் கூடுகிறார்களாம். போதகருக்கு மார்ச்சில் தொண்டையில் அறுவை சிகிச்சை. அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை, சிலேட்டில்தான் எழுதிக் காட்டுகிறாராம்.

வாய் பேச முடியாத மனிதர் உங்களுக்கு மட்டும் வாராவாரம் எப்படிப் பிரசங்கம் செய்தார்? அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நான் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைக்க மறந்துபோனேன். அந்த அம்மாவே பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருட வேலையில் இப்படி ஆனதில்லை.

நீங்கள் ஆலயத்துக்குப் போகவில்லை என்பதைவிட, ஏழு வாரம் உட்கார்ந்து ஜோடித்தீர்களே, அதுதான் வலிக்கிறது. அதை நான் இருபது பெண்கள் நடுவில் வாசித்தேன். ஒருத்தி அழுதாள். அந்த ஏணியை நம்பித்தான் கீழே இறங்கினேன். இப்போது என்ன செய்ய வேண்டும்? திரும்பப் போய், "அது பொய்ப் பிரசங்கம், என் மன்னிப்பைத் திருப்பிக் கொடு" என்று கேட்கவா? அவளைப் பற்றி என்னிடம் சொல்ல வேண்டுமென்றால் நேராகச் சொல்ல வாய் வரவில்லையா? ஒரு நோயாளியின் வாயில் வைத்துத்தான் சொல்ல வேண்டுமா?

உண்மையாக எழுத ஏதாவது இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

(பாப்பா நலம். பல் ஒன்று விழுந்தது.)

---

ஜூலை 15, திங்கள்

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

நீ எழுதியது அத்தனையும் சரி. ஒரு வார்த்தையும் கூடுதல் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஞாயிறு நான் உண்மையாகவே போனேன். கதவில் பூட்டு. ஒரு தாளில் கூரை வேலை நடக்கிறது, ஆராதனை தச்சுப்பட்டறையில் என்று எழுதி, வழியும் வரைந்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பட்டறையே தெரிகிறது. நூறு எட்டு இருக்கும். நான் அந்த நூறு எட்டு நடக்கவில்லை. புது ஊர், புது ஆட்கள், யார் போய்ப் பேசுவது என்று தோன்றியது. அறைக்குத் திரும்பித் தூங்கினேன். அடுத்த வாரம் போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன். உனக்குப் போனதாகவே எழுதினேன்.

ஏதாவது பெரிய காரணம் இருந்தால் சொல்ல வசதியாக இருக்கும். இல்லை. விசுவாசத்தில் சந்தேகம் வரவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஞாயிறு எனக்கு வேலையும் கிடையாது. சும்மா விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். அங்கே வீட்டில் நீ எழுப்பினாய், நீ கிளப்பினாய், நான் உன் பின்னால் வந்தேன். என் காலில் நான் நின்றதே இல்லை என்பது இங்கே வந்துதான் தெரிந்தது.

இங்கே கிடங்கில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையிலும் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். போகாமலேயே எழுதுகிறவர்கள் உண்டு. நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. மீன் விஷயத்தில் அவ்வளவு நேர்மை. கர்த்தர் விஷயத்தில் போகாமலேயே எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொன்னால் சிரிப்பாய், இல்லை இன்னும் கோபப்படுவாய். பொய் நம்பும்படி இருக்க வேண்டுமே என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்ப்ரசர் அறை வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வேதாகமத்தைப் படித்தேன். நீ கெட்டிக்காரி, தப்பாக எழுதினால் பிடித்துவிடுவாய். அதனால் ஒரு பகுதியை நாலைந்து தடவை படித்தேன். இத்தனை வருடத்தில் நான் அவ்வளவு கவனமாக வாசித்தது அப்போதுதான். அந்த வீட்டுக்காரனை நான் நிஜமாகவே அங்கேதான் கண்டேன். உன்னை நினைத்துத்தான் எழுதினேன். நேராகச் சொல்ல எனக்குப் பயம். நீ புதன்கிழமை ஜெபம் நடத்துகிறவள், நான் உனக்கு என்ன சொல்வது என்று இருந்தது.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நேற்று அந்த நூறு எட்டும் நடந்தேன்.

பட்டறையில் பலகைகளை ஓரமாகச் சாய்த்து, நடுவில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். எல்லார் காலிலும் மரத்தூள். தச்சர்தான் வேதம் வாசிக்கிறார். வாசிக்கும்போதும் பென்சில் காதில்தான் இருக்கிறது. போதகர் மெலிந்த மனிதர், கழுத்தில் ஒரு துணி சுற்றியிருக்கிறார். முடிந்ததும் எல்லாரும் போகும்வரை காத்திருந்து அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பெயரில் நான் எழுதியதை, நீ கீழே இறங்கியதை, எல்லாம்.

அவருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போனேன். சிரித்திருக்கிறார், சத்தம்தான் வரவில்லை. சிலேட்டை எடுத்து, "பிரசங்கம் பரவாயில்லை. பிரசங்கிதான் சரியில்லை" என்று எழுதினார். அதைத் துடைத்துவிட்டு, "28ஆம் தேதி இங்கே நீங்களே பேசுங்கள். முன்னுரையோடு" என்று எழுதினார்.

"எந்த முன்னுரை?" என்று கேட்டேன்.

என்னைச் சுட்டிக் காட்டினார்.

எட்டுப் பேர்தான். ஆனாலும் நேற்று இரவே மூன்று தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். உன்னிடம் மன்னிப்பை அவசரமாகக் கேட்கமாட்டேன். கேட்க எனக்குத் தகுதி வரும்வரை இரு.

மெக்கானிக்

(விழுந்த பல்லை எனக்காக எடுத்து வைக்கச் சொல்.)

---

ஜூலை 30, செவ்வாய்

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் ஐந்து நாள் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆறாவது நாளிலிருந்து எழுத நேரமில்லாமல் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் போன புதன்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அவளிடம் சொல்லிவிட்டேன். பிரசங்கம் பொய், போதகர் சொல்லவே இல்லை, எல்லாம் உங்கள் ஜோடனை என்று. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அன்னிக்கு என்கிட்ட மன்னிப்பு கேட்டது யாருக்கா? பாஸ்டரா, நீங்களா?"

"நான்தான்."

"அப்ப அது உங்களோடது. எனக்கு அந்தப் பாஸ்டரையெல்லாம் தெரியாது."

எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தேன். இரண்டும் வீங்கியிருந்தன. முகமும் உப்பியிருந்தது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். "மூணு நாளா. கண்ணுல பூச்சி பறக்குது. தையல் வேலைல அப்படித்தான்" என்றாள். வீணாகப் பேசிக்கொண்டிருக்காமல் அப்படியே கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் எங்கள் டாக்டர் வேறொன்றும் கேட்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே, "இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை" என்றார்கள். படுக்கையிலேயே வைத்திருக்கிறார்கள். பிரசவம்வரை வீட்டுக்கு விடமாட்டார்கள். கொழுந்தனார் லாரியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நிறைய யோசித்தேன். நான் அந்த வீட்டுக்குள் போகவே போகாதவளாக இருந்திருந்தால், அந்தக் கால்களைப் பார்த்திருக்கமாட்டேன். அவளும் கதவைத் தட்டியிருக்கமாட்டாள். உங்கள் பொய் நல்லது என்று சொல்லவில்லை, அப்படி எண்ணிக்கொள்ளாதீர்கள். பொய் பொய்தான். ஆனால் கர்த்தர் அதைக்கூட வீணாக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏழு மாதத்தில் ஒரு புதன்கிழமையும் நான் தவறவிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில் இருந்தேன். அந்த ஏழு மாதமும் தங்கச்சி ஆலயத்துக்கு வரவில்லை. சோம்பல் என்று மற்றவர்களிடம் சொன்னேன். அவள் வராமல் நின்றது என் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதால்தான். இதை நேற்று அவளே சொன்னாள், குறையாக அல்ல, பேச்சோடு பேச்சாக. நீங்கள் நூறு எட்டு நடக்கவில்லை. நான் பதினான்கு படி இறங்கவில்லை. உங்களைவிட நான் எந்த விதத்தில் ஒழுங்கு?

அதனால் ஒரு ஒப்பந்தம். இனிப் பிரசங்கம் எழுதவேண்டாம். வாசித்தீர்களா, ஜெபித்தீர்களா, போனீர்களா, அதை மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். இல்லை என்பதை நான் தாங்குவேன். நானும் எழுதுவேன், யாரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் வந்தேன் என்பதையும் சேர்த்து.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. குறைந்துகொண்டிருக்கிறது.

ஊசிக்காரி

---

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

தம்பி மனைவி விஷயம் படித்ததும் கிடங்குக்குள் போய் நின்றேன். கண்ணீர் வந்தால் உறைந்துவிடும், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நினைப்பு. உறையவில்லை. லோடு ஏற்றுகிறவர் பார்த்துவிட்டு, "என்ன சார், கேஸ் கசியுதா?" என்று மூக்கைச் சுளித்து முகர்ந்தார்.

உன் கேள்விக்கு முதலில் பதில். திங்கள் வாசித்தேன். செவ்வாய் இல்லை, தூங்கிவிட்டேன். புதனும் வியாழனும் வாசித்தேன். வெள்ளி அரைகுறை, கண் எழுத்தில் இருந்தது, மனம் எண்ணெய்க் கசிவில் இருந்தது. சனி தச்சரோடு சேர்ந்து. இப்போது காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்கு முன் அவர் பட்டறையில் நாங்கள் இருவரும் ஒரு அதிகாரம் வாசிக்கிறோம். நான் வராவிட்டால் அவர் விடுதிக்கே வந்து கதவைத் தட்டுகிறார், அதுவும் சுத்தியலால். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எழுந்து போவதுதான் விசுவாசத்தில் பாதி என்று இப்போது தோன்றுகிறது. போனபிறகு பிடித்துவிடுகிறது.

28ஆம் தேதி பேசினேன். முன்னுரையில் என் பொய்யைச் சொன்னேன். மரத்தூளில் காலைத் தேய்க்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு வீட்டுக்காரனைப் பற்றிச் சொன்னேன். உனக்கு எழுதியபோது ஒரு பக்கம் ஓடியது. அங்கே நின்றபோது நாலு வரிக்குமேல் வரவில்லை. யார் வீட்டுக் கூரை என்று மற்றவர்களைக் கேட்கப் போனவன், என் வீட்டில் நான் போட்ட ஓட்டையைச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, தன் அண்ணனிடம் பேசி ஒன்பது வருடம் ஆகிறது என்றார். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். போதகர் சிலேட்டில் எதுவும் எழுதவில்லை. முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

மெக்கானிக்

---

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

மன்னித்தேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே முக்கால்வாசி முடிந்துவிட்டது. மிச்சத்தை இந்த வாரம் முடித்தேன்.

புதன்கிழமை காலை தங்கச்சிக்கு அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்று புள்ளி ஆறு கிலோ. என் உள்ளங்கையும் அரைக் கையும் போதும், அவ்வளவுதான் இருக்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு படுத்துக்கொண்டு, யாரோ தூக்கத்தைக் கெடுத்தது போல முகத்தைச் சுளிக்கிறாள். தானாகவே மூச்சு விடுகிறாள். தாய்க்கு அழுத்தம் இறங்கிவிட்டது. கொழுந்தனார் போகிற வருகிற எல்லாரிடமும் "ஒன்று புள்ளி ஆறு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏதோ பரீட்சையில் வாங்கிய மார்க்கு மாதிரி.

நேற்று முதல்முறையாகத் தங்கச்சியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பிள்ளையைப் பார்க்கத் தள்ளிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியை நிறுத்தினேன். அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு, "ஜெபம் பண்ணுங்கக்கா" என்றாள்.

நான் எப்படி ஜெபிக்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும். நாற்பது நிமிடம் நிறுத்தாமல் ஜெபிப்பேன், பாப்பா பாதியில் தூங்கிவிடுவாள். கையைக் கூப்பினேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. "ஸ்தோத்திரம்" என்றேன். என்ன சேர்ப்பது என்று தெரியாமல் மறுபடியும் "ஸ்தோத்திரம்" என்றேன். மூன்றாவது தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு அவளே "ஆமென்" என்றாள்.

"போதும்க்கா. அவருக்குப் புரிஞ்சிருக்கும்."

நர்ஸ் வந்து போகச் சொல்லும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

உங்கள்,
ஊசிக்காரி